வாஷிங் மெஷின் மேல் வைத்த டேப்

அந்த ஞாயிற்றுக்கிழமை கராஜில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

பேஸ் கிட்டார்காரர். வீடு அவருடையது. எண்ணெய்க் கம்பெனியில் வேலை.

அவர் மனைவி. வாசிக்கமாட்டார், பாடமாட்டார். டீ போடுவார். அவர் இல்லாமல் ஒரு பிராக்டிஸும் நடந்ததில்லை.

பாடகி. மதுரைக்காரர். மெடிக்கல் சென்டரில் நர்ஸ். முதல் நாளிலிருந்து இருப்பவர்.

தபேலாக்காரர். நாகூர்ப் பக்கம். பெட்ரோல் போடுகிற கேஸ் ஸ்டேஷன் வைத்திருந்தார். தொழுகை முடித்துவிட்டு நேராக வருவார்.

ஆண் பாடகர். சேர்ந்து நான்கு மாதம்.

கீபோர்டுத் தம்பி. மெட்ராஸ். கம்ப்யூட்டர் வேலை. சேர்ந்து ஒரு வருடம்.

கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேஜை. அதன் மேல் டிபன் டப்பா அளவுக்குக் கறுப்புப் பெட்டி ஒன்று. அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

வாசலில் நான். கோட்டுக்குள் இரண்டு ஸ்டிக்.

டிரம்ஸ் இருந்த இடத்தில் குழந்தைகளின் சைக்கிள் இரண்டு நின்றன.

நான் சமையல்காரன். எட்டாவது வரை படித்தேன். ஈரோட்டில் ஹோட்டலில் பரோட்டா போட்டேன். கச்சேரி இருக்கும் நாளில் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தேன். ஹூஸ்டனில் ரெஸ்டாரண்ட் திறந்தவர் பரோட்டாவுக்காக என்னைக் கூட்டிவந்தார். அது 1990. டிரம்ஸ் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வருடம் தீபாவளி நிகழ்ச்சி ஒரு பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் நடந்தது. சாப்பாடு எங்கள் கடை. மேடையில் ஒருவர் கீபோர்டு வாசித்தார், ஒருவர் தபேலா. ஒரு பெண் பாடினார். பள்ளிக்கூடத்தின் டிரம்ஸ் ஓரமாகச் சும்மா கிடந்தது. கீபோர்டு ஒரு பக்கம் ஓடியது, பாட்டு ஒரு பக்கம் ஓடியது. தபேலாவுக்கு மைக் இல்லை. அவர் பாவம், என்ன செய்வார்.

சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன். ஏறி உட்கார்ந்தேன். யாரையும் கேட்கவில்லை. இரண்டு சுற்றில் பாட்டு ஒன்று சேர்ந்தது. பாடுகிற பெண் திரும்பிப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் இறங்கிச் சாம்பார் ஊற்றப் போனேன்.

பந்தியில் அந்தப் பெண் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, அடுத்த பாட்டுக்கு வருவீங்களா, இல்ல ரசமும் ஊத்தணுமா?"

"ரசம் ஊத்திட்டு வர்றனுங்க."

குழு அப்படி ஆரம்பித்தது. நான்கு பேர். அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயர் ஹூஸ்டனைத் தாண்டி யாருக்கும் தெரியாது. ஹூஸ்டனிலும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும்தான் தெரியும்.

டிரம்ஸ், யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் கிடைத்தது. நீல நிறம். சிம்பலில் ஓரமாக ஒரு விரிசல். முதலில் கீபோர்டுக்காரரின் அபார்ட்மெண்டில் வாசித்தோம். கீழ்வீட்டு அம்மாள் துடைப்பத்தால் கூரையை இடிப்பார். இரண்டு வருடம் கழித்து பேஸ் கிட்டார்காரர் வந்தார். சுகர் லேண்டில் சொந்த வீடு, கராஜ். எங்கள் ரெஸ்டாரண்டில் ஞாயிறு பகல் பஃபே இரண்டரைக்கு முடியும். மறுபடி ஐந்தரைக்குத் திறக்கும். நடுவில் இருக்கிற நேரத்தில் பிராக்டிஸ். அவர்கள் எனக்காக அந்த நேரத்தை வைத்தார்கள். அதை நான் மறக்கவில்லை.

முதல் கீபோர்டுக்காரர் சான்டா கிளாராவுக்குப் போனார். நல்ல வேலை. தீபாவளி நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போனார். அவர் எங்கே என்ன வாசித்தார் என்று யாருக்கும் தெரியாது. புதிதாக வந்தவர் திணறினார். நிகழ்ச்சி நாசம். இடைவேளையிலேயே பாதிப் பேர் பார்க்கிங் லாட்டுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு நான் ஒன்று சொன்னேன்.

"போறவங்க டேப் குடுத்துட்டுப் போகோணும்."

அது ரூல் ஆகிவிட்டது. போகிறவர் ஒருநாள் தனியாக வந்து கராஜில் உட்காருவார். டேப் ரெக்கார்டர் வாஷிங் மெஷின் மேல் இருக்கும். பிளக் அங்கேதான் இருந்தது. எல்லாப் பாட்டுக்கும் தன் பங்கை மட்டும் வாசித்துப் பதிவு செய்வார். அடுத்து வருகிறவர் அதைக் கேட்டுப் படிப்பார்.

பிறகு ஒரு கிட்டார்காரர். கம்பெனி அவரை நிறுத்திவிட்டது. விசா போச்சு. டேப்போடு வந்தார். ஆளாளுக்குக் கேட்டார்கள். என்னாச்சு, எச்-1 என்னாச்சு, லாயரைப் பார்த்தீர்களா, என் மச்சான் கம்பெனியில் சொல்லட்டுமா. எல்லாம் நல்ல மனதோடுதான். அவர் கிட்டார் பெட்டியை மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதார். மெட்ராஸுக்குப் போகும்வரை எங்கள் யார் வீட்டுக்கும் அவர் வரவில்லை.

"இனிமேல் கேக்க வேண்டாம்" என்றேன்.

அதுவும் ரூல் ஆகிவிட்டது. டேப் வாஷிங் மெஷின் மேல் இருந்தால் ஆள் போகிறார் என்று அர்த்தம். எங்கே, ஏன், கேட்கக் கூடாது. போன் செய்து தொந்தரவு செய்யக் கூடாது. பேஸ் கிட்டார்காரர் மனைவி ஒரு டப்பாவில் ஏதாவது பலகாரம் கொடுப்பார். அவ்வளவுதான்.

குழுவுக்கு நான் சொன்ன ரூல் இந்த இரண்டுதான்.

ஆட்கள் வந்தார்கள், போனார்கள். புல்லாங்குழல் வாசித்த டாக்டர் அம்மா நியூ ஜெர்ஸிக்குப் போனார். வயலின்காரருக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது, அதோடு வயலின் போச்சு. ஒரு ஆண் பாடகர் பிளானோவுக்கு மாறினார். "நாலு மணி நேரம்தானே, ட்ரைவ் பண்ணி வந்துடுவேன்" என்றார். இரண்டு முறை வந்தார். மூன்றாம் முறை டேப் தபாலில் வந்தது. அதையும் நாங்கள் வாஷிங் மெஷின் மேல்தான் வைத்தோம்.

இன்னொருவருக்கு ஹீரோ பாட்டெல்லாம் தனக்கே வேண்டும். டூயட்டில் பாடகிக்கு இரண்டு வரி அதிகம் என்று சண்டை பிடித்தார்.

"லேடி வாய்ஸும் நீங்களே பாடிக்குங்க" என்றார் பாடகி. "புடவை நான் தர்றேன். பிளவுஸ்தான் பத்தாது."

தபேலாக்காரர் சிரித்துச் சிரித்துத் தபேலாவைக் கவிழ்த்துவிட்டார். அந்தப் பாடகரின் டேப் மறுவாரமே வந்தது.

கம்ப்யூட்டரில் 2000க்கு வருடம் மாறுகிற பிரச்சினை வந்தபோது அதைச் சரிசெய்ய ஊரிலிருந்து ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முகம். நான் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து, பழைய டேப்பைப் போட்டு, கூடவே அடித்துக் காட்டுவேன். இங்கே நீங்கள் வரவேண்டும், இங்கே நிற்க வேண்டும். பேசத் தேவையில்லை. கையைப் பார்த்தாலே பிடித்துக்கொள்வார்கள்.

டிரம்ஸுக்கு மட்டும் டேப் கிடையாது. அதற்குத் தேவை வரவில்லை.

2001 பொங்கல். நிகழ்ச்சி சனிக்கிழமை. அதே சனிக்கிழமை கடைக்குக் கல்யாண ஆர்டர் ஒன்று வந்தது. முதலாளியிடம் கேட்டேன். "இருநூறு பேருக்குப் பரோட்டா யார் போடறது, நானா?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

பத்து வருடத்தில் ஒரு நிகழ்ச்சியும் நான் விட்டதில்லை. நான் இல்லாமல் அவர்கள் திணறக் கூடாது என்று நினைத்தேன். திங்கட்கிழமை கடை லீவு. மதியம் கராஜுக்குப் போனேன். பேஸ் கிட்டார்காரர் மனைவி கதவு திறந்தார். அவர் மட்டும்தான் வீட்டில். தொண்ணூறு நிமிட கேசட் ஒன்று வாங்கிப் போயிருந்தேன். நிகழ்ச்சிக்குப் பதினெட்டுப் பாட்டு. பதினெட்டையும் அடித்துப் பதிவு செய்தேன். மேடையில் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பாடட்டும் என்பது என் யோசனை.

முடித்ததும் கேசட்டை எடுத்து வாஷிங் மெஷின் மேல் வைத்தேன். ரெக்கார்டர் அங்கே இருந்தது, அதன் பக்கத்தில் வைத்தேன். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

"வர முடியாதுங்க. டேப் வெச்சிருக்கேன்" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

சனிக்கிழமை என்று சொல்லவில்லை. சனிக்கிழமை நிகழ்ச்சி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அவர் வாஷிங் மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஐயோ அண்ணா" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு டப்பாவில் அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார். பொங்கலுக்குச் செய்தது என்று நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். நல்ல அதிரசம்.

சனிக்கிழமை இருநூறு பேருக்குப் பரோட்டா போட்டேன். அடுத்த மூன்று ஞாயிறும் போக முடியவில்லை. கூட வேலை செய்தவருக்கு அம்மைக்கட்டு. நான் ஒரே ஆள். குழுவிலிருந்து போன் வரவில்லை. நிகழ்ச்சி நன்றாக நடந்திருக்கும், அதனால்தான் தேடவில்லை என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவது வாரத்தில் அப்படி வைத்துக்கொள்வது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் போன் சரியாக வேலை செய்கிறதா என்று எடுத்துப் பார்த்தேன்.

நான்காவது ஞாயிறு போனேன். அதுதான் முதலில் சொன்ன ஞாயிறு.

கீபோர்டுத் தம்பிதான் முதலில் பார்த்தான்.

"அங்கிள்! வாங்க வாங்க. எங்களப் பாக்க வந்தீங்களா?"

எல்லோரும் திரும்பினார்கள். பாடகி மட்டும் பாட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

சைக்கிள் இரண்டையும் பார்த்தேன். ஸ்டிக் கோட்டுக்குள் குத்தியது.

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை திரும்ப வாங்க முடியவில்லை.

நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. தம்பிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அங்கிள், கேளுங்களேன். ரிதம் மெஷின். உங்க டேப்ப வெச்சுதான் ப்ரோக்ராம் பண்ணேன். ஒவ்வொரு அடியா உள்ள போட்டேன். ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஒரு ரோல் போடுவீங்கல்ல, அதக்கூட விடல."

ஒரு பொத்தானை அழுத்தினான். என் கை பெட்டிக்குள்ளிருந்து வந்தது. அந்த ரோல் வந்தது. விரிசல் விட்ட சிம்பல் இல்லை, நல்ல சிம்பல்.

"நீங்க கடைசில கொஞ்சம் ஸ்பீடாவீங்க. அத மட்டும் சரி பண்ணிட்டேன்."

"நல்லாருக்குது தம்பி."

"உங்க ஆசீர்வாதம் அங்கிள்."

டிரம்ஸ் எங்கே என்று நான் கேட்கவில்லை. பேஸ் கிட்டார்காரரே சொன்னார். "பத்திரமா மாடில வெச்சிருக்கேன். உங்களுக்கு எப்ப வேணுமோ எடுத்துக்குங்க." என் அபார்ட்மெண்டில் நாங்கள் மூன்று சமையல்காரர்கள். டிரம்ஸ் வைக்க இடம் இல்லை. அது அவருக்கும் தெரியும். நல்லவிதமாகத்தான் சொன்னார்.

மூன்று பாட்டு கேட்டேன். அதற்குமேல் உட்கார முடியவில்லை. கடைக்கு நேரமாச்சு என்று எழுந்தேன். அப்போது மணி மூன்றே முக்கால்.

பத்து நாள் கழித்துப் பாடகி கடைக்கு வந்தார். பின்கதவு வழியாக நேரே சமையலறைக்குள். நர்ஸ் உடுப்பிலேயே இருந்தார். நான் பரோட்டா மாவு அடித்துக்கொண்டிருந்தேன்.

"பத்து வருஷம்ணே" என்றார். "ஒரு வார்த்தை சொல்லல."

"என்னங்க சொல்றது."

"போறேன்னு. எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல? நாங்க என்ன தப்பு செஞ்சோம்?"

"ஒண்ணுமில்லீங்க. மணிக்கட்டு வலி."

"மணிக்கட்டு வலிக்கிற ஆளுதான் இந்த அடி அடிக்கிறாரா? மாவு கத்துது."

நான் மாவை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தேன்.

"அந்த டேப்பப் பாத்துட்டு நா ரெண்டு நாள் சாப்பிடலண்ணே. போன் பண்ணலாம்னு எடுப்பேன். நீங்க போட்ட ரூல்தான், கேக்கக் கூடாதுன்னு. வெச்சிருவேன். பொங்கல் அன்னிக்கு மேடைல திரும்பிப் பாக்கறேன், வெறும் தரை. உங்க கை ஏறும்போதுதான் நா மூச்சு எடுப்பேன், தெரியுமா உங்களுக்கு? அன்னிக்கு எங்க மூச்சு எடுக்கறதுன்னே தெரியல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாஷிங் மெஷின். அதிரசம். வராத போன். யாரும் என்னை நீக்கவில்லை. நான்தான் போயிருக்கிறேன்.

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். பாடகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பரோட்டா பார்சல்" என்றார். கட்டிக் கொடுத்தேன். போய்விட்டார்.

அன்று ஒரு முடிவு செய்தேன். நான் போகவில்லை, ஒரு சனிக்கிழமைக்காக வைத்த டேப் அது என்று சொல்லிவிடுவது. டிரம்ஸை மாடியிலிருந்து இறக்குவது. அதற்குச் சரியான ஆள் கீபோர்டுத் தம்பி. மெஷின் அவனுடையது. அவன் நிறுத்தினால்தான் நிற்கும்.

அந்த வாரமே அவனே போன் செய்தான். குழுவுக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்கிறானாம். ஆரம்பத்திலிருந்து யார் யார் இருந்தார்கள் என்று போட வேண்டுமாம். "உங்கள விட்டா யாருக்கும் தெரியாது அங்கிள்." திங்கட்கிழமை வருகிறேன் என்றேன்.

பகல் பதினோரு மணிக்குப் போனேன். வேலை நாள். அவன் வீட்டில் இருந்தான், லுங்கியோடு. தாடி வளர்ந்திருந்தது. அறையில் கட்டில் இல்லை, தரையில் படுக்கை. கம்ப்யூட்டர், கீபோர்டு, மெஷின்.

"தம்பி, ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லலாம் அங்கிள். மொதல்ல லிஸ்ட் முடிச்சுடுவோம், ப்ளீஸ். மறந்துடுவீங்க."

நான் மறக்கமாட்டேன். ஆனால் சொன்னேன். கீபோர்டில் தொடங்கினேன், அவனுக்கு முன்னால் ஐந்து பேர். கிட்டார் மூன்று பேர். பெட்டி மேல் உட்கார்ந்து அழுதவர் நடுவில் வந்தார். ஆண் பாடகர்கள் ஆறு பேர். புல்லாங்குழல், வயலின் எல்லாம் சேர்த்து இன்னும் எட்டுப் பேர். நான் ஊரும் வேலையும் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். பிளானோக்காரர் கதைக்குச் சிரித்தான். புடவைக் கதைக்கு நாற்காலியிலிருந்து விழப்போனான். முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

"வேலைக்குப் போகலியா தம்பி?"

கேட்டிருக்கக் கூடாது. ரூல்.

அவன் திரையைப் பார்த்தபடியே இருந்தான்.

"டிசம்பர்லயே அனுப்பிட்டாங்க அங்கிள். யாருக்கும் சொல்லல. வீட்டுக்கும் சொல்லல. தினமும் காலைல அம்மா போன் பண்ணும்போது ஆபீஸ் கெளம்பறேன்னு சொல்றேன்."

தரைப் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"உங்க டேப் வந்துச்சு பாருங்க, அதான் காப்பாத்துச்சு. தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல, சொவத்தப் பாத்துட்டு ஒக்காந்திருந்தேன். அந்த டேப்பப் போட்டுட்டு, ஒவ்வொரு அடியா எண்ணி, உள்ள போட்டேன். அது இல்லன்னா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல." மெஷின் மேல் கையை வைத்தான். "நா பண்ணதுலயே உருப்படியானது இது ஒண்ணுதான் அங்கிள்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"என்னமோ சொல்லணும்னீங்களே?"

"சாப்புட்டியா?"

"இல்ல."

"அரிசி எங்க இருக்குது?"

அரிசி இருந்தது, தக்காளி இருந்தது. தக்காளிச் சாதம் செய்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டான். இரண்டு முறை போட்டுக்கொண்டான். நான் பாத்திரம் கழுவும்போது பிரின்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். இங்கிலீஷ். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மேலே பெரிய எழுத்தில் இருந்ததை விரலால் காட்டினேன்.

"பாஸ்ட் மெம்பர்ஸ் அங்கிள். இருந்துட்டுப் போனவங்க. வரிக்கு ஒருத்தர். கரெக்டான்னு பாத்துடுங்க."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, மேலிருந்து கீழே விரல் வைத்து எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

"கரெக்ட்" என்றேன்.

நான் சொன்னது இருபத்திரண்டு பேர்.

தாளில் இருபத்து மூன்று.